மேஜர் சரவணன் நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் வீடு எங்கே என்று கேட்டேன். "மேஜர் சரவணன் நினைவிடத்துக்குப் பக்கத்துல சார்" என்றான். சரவணன் யார் தெரியுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அந்த இடத்தோட பேரு சார்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறான், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சரவணன் 1999 கார்கில் போரில் உயிர்நீத்த நம் ஊர் ராணுவ அதிகாரி. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். அதற்கு முந்தைய நாள் காலை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருச்சி கன்டோன்மென்டில் இருக்கும் அந்த நினைவிடத்துக்கு அழைத்துப்போக முடிவு செய்திருக்கிறோம். போவதற்கு முன் அவரைப் பற்றி வீட்டில் நீங்கள் நாலு வார்த்தை பேசியிருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு உதவியாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மாரியப்பன் சரவணன் 1972 ஆகஸ்ட் 10 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. படித்தது, வளர்ந்தது நம் திருச்சியில். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் பெற்றார். நம் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கும் தெருக்களில்தான் அவரும் சுற்றியிருப்பார். சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 1995-இல் பீகார் ரெஜிமென்டின் முதல் படைப்பிரிவில் சேர்ந்தார். காவிரிக்கரையில் வளர்ந்த பையன் பீகார் ரெஜிமென்ட் வீரர்களுக்கு அதிகாரியாகப் போய், அவர்கள் பாஷையில் பேசி, அவர்களோடு சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார். ராணுவத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1999 மே மாதத் தொடக்கத்தில் லடாக்கின் பட்டாலிக் பகுதியில், காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடிப்போன தாஷி நம்கியால் என்ற கால்நடை மேய்ப்பவர், மலை முகட்டில் ஆட்கள் பதுங்குகுழி தோண்டுவதைப் பார்த்து ராணுவத்துக்குத் தகவல் சொன்னார். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து சிகரங்களைப் பிடித்திருந்தவர்களை வெளியேற்றும் சண்டை அதிலிருந்துதான் தொடங்கியது. சிந்து நதி ஓடும் அந்தப் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் முகடுகளில் ஒன்றைப் பிடிக்கும் பொறுப்பு மேஜர் சரவணனின் அணிக்கு வந்தது.

உயரம் 14,000 அடிக்கு மேல். பிள்ளைகளுக்கு அடிக்கணக்கு மனதில் நிற்காது. நம் மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். அதைப் போல ஐம்பது பாறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது. உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறும்போதே நமக்கு மூச்சு வாங்குகிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். உறைபனியில், இருட்டில், துப்பாக்கியும் குண்டுகளும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கீழே அசைவதெல்லாம் தெரியும், ஏறுபவனுக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

மே 29, விடிவதற்கு முன் தாக்குதல் தொடங்கியது. வீரர்களுக்கு முன்னால் சென்ற சரவணன், ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல்கள் பட்டுக் காயம், அப்படியும் முன்னேறினார். பிறகு தலையில் குண்டு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 26.

வழக்கமாக மேடைப் பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிள்ளைகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். விழுந்த இடத்திலிருந்து அவர் உடலை எடுத்துவர முடியவில்லை. சண்டை அவ்வளவு கடுமை. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த உடல் பனிமலையிலேயே கிடந்தது. அத்தனை நாளும் இங்கே, நம் ஊரில், அவரைப் பெற்ற தாய் காத்திருந்தார். பிள்ளை இறந்த செய்தி வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. அந்த நாட்களை அந்த வீடு எப்படிக் கடந்தது என்று யோசிக்கும்போது எனக்கு அடுத்த வரி எழுத வரவில்லை.

ஜூலையில் முகடு மீட்கப்பட்ட நேரத்தில்தான் அவர் ஊர் திரும்பினார். அந்தப் போரில் நம் நாடு இழந்த வீரர்கள் 527 பேர். போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது சரவணனுக்கு அளிக்கப்பட்டது. பட்டாலிக்கின் நாயகன் என்று அவரைச் சொல்கிறார்கள்.

உங்களில் பலர் அப்போது பள்ளி மாணவர்களாக இருந்திருப்பீர்கள். இறுதி ஊர்வலத்தன்று தெருவில் நின்றவர்கள், மொட்டைமாடியிலிருந்து பார்த்தவர்கள், அன்றைய செய்தித்தாளை எடுத்துவைத்தவர்கள் இருக்கலாம். அதை உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட, "அன்னைக்கு நான் அங்க நின்னேன்" என்று அப்பாவோ அம்மாவோ சொல்வது பிள்ளை மனதில் தங்கும்.

சில வேண்டுகோள்கள் உண்டு. அன்று பிள்ளைகளுக்கு ராணுவ உடை போட்டு அனுப்ப வேண்டாம், சீருடையே போதும். மாறுவேடப் போட்டி வைக்கலாம் என்று அன்போடு யோசனை சொன்ன பெற்றோருக்கு நன்றி, ஆனால் ஒரு தாயின் துக்கத்துக்கு முன்னால் போய் நிற்கும் நாளில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த நாட்டையும் எந்த மதத்தையும் திட்டும் கோஷங்களும் கூடாது. ஆசிரியர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் பள்ளியில் படைவீரர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்பா இப்போது எல்லையில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். அப்படிப்பட்ட குடும்பத்தினர் 25-ஆம் தேதிக்கு முன்னால் என்னிடமோ வகுப்பாசிரியரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை வர விரும்பாவிட்டால் வற்புறுத்த மாட்டோம், நூலகத்தில் ஓர் ஆசிரியை உடன் இருப்பார். முன்னாள் படைவீரர்களான தாத்தாக்கள் யாராவது எங்களோடு வர முடிந்தால் மிகவும் மகிழ்வேன்.

காலை 7.30-க்குப் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, பேனா போதும். பூ வாங்க வேண்டாம், பள்ளித் தோட்டத்திலிருந்து பறித்துக்கொள்கிறோம். முதல் பூவை வைக்கப்போவது, "அது அந்த இடத்தோட பேரு" என்று சொன்ன அதே மாணவன். அவனே கேட்டுக்கொண்டான்.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு 22-ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்பவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்