கர்ணனும் சகுனியும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் நண்பனுக்கு,

சித்திரை வருடப்பிறப்புக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மார்கழிவரை மௌனமாக இருந்தவனை நீ திட்டியிருப்பாய், நியாயந்தான். வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

என் இரத்தம் ஓ நெகட்டிவ் வகை என்பதற்காக நீயும் நம் கூட்டாளி கட்டையும் எனக்குச் சூட்டிய 'கர்ணன்' பட்டத்தில் பாதி பறிபோய்விட்டது என்பதைச் சொல்லவே இக்கடிதம். நாரஹேன்பிட்ட இரத்த வங்கிக்குப் போய்வரும் போதெல்லாம் "என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம்" என்று நான் பெருமையடிப்பதைக் கேட்டுச் சலித்த என் பெறாமகள், ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், சென்ற மாதம் என் கையிலிருந்து ஒரு குழாய் இரத்தத்தை எடுத்துப்போனாள். மறுநாள் வந்து, "சித்தப்பா, உங்கள் செங்குழியம் கர்ணன்; பிளாஸ்மா சகுனி" என்றாள்.

1901இல் லாண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி கண்டறிந்த விடயந்தானாம். ஓ வகைக்காரர்களான எங்கள் செங்குழியத்தில் ஏ என்ற அடையாளப் பொருளும் இல்லை, பீயும் இல்லை. அதனாலேயே அவ்விரண்டையும் தாக்கும் பிறபொருளெதிரிகள் எங்கள் பிளாஸ்மாவில், அதாவது குழியங்கள் மிதக்கும் திரவத்தில், இருக்கின்றன. அவற்றின் வீரியம் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பத்தின் பின்னும் சில தடுப்பூசிகளின் பின்னும் ஏறுவதுண்டு. பிளாஸ்மாவை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று ஐதாக்கிக்கொண்டே போய், ஏ வகைச் செங்குழியங்கள் எந்தக் குழாய்வரை திரள்கின்றன என்று பார்ப்பார்கள். என்னுடையது 512 மடங்கிலும் திரண்டது. பாதுகாப்பு எல்லை நாட்டுக்கு நாடு வேறு. 256 வரை பொறுப்பவர்களிடமும் நான் தேறமாட்டேன்.

எச்.ஐ.வி., ஈரலழற்சி பீ, சீ, சிபிலிசு, மலேரியா எல்லாவற்றிலும் தேறிய இரத்தத்துக்குள் இப்படியொன்று ஒளிந்திருக்குமென்று நான் நினைக்கவேயில்லை. செங்குழியப் பொதியில் பிளாஸ்மாவின் பெரும்பகுதியை நீக்கிவிடுவதால் அதில் ஆபத்துக் குறைவு. இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளோ பிளாஸ்மாவிலேயே மிதப்பவை. என்னுடையதை ஏ வகைக் குழந்தையொன்றுக்கு ஏற்றினால், அதன் செங்குழியங்களை என் தானமே உடைத்துவிடக்கூடும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, நண்பா. கொரியப் போரிலேயே அமெரிக்கப் படையினர் வீரியம் குறைந்த ஓ இரத்தத்தைத் தெரிந்தெடுத்துத்தான் எல்லோருக்கும் ஏற்றினார்களாம். நானோ இத்தனை வருடமும் வகையை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

செங்குழியத்துக்காக இனியும் போவேன். அதை அவளே வற்புறுத்தினாள். நீ ஓ பொசிட்டிவ் அல்லவா? தைப்பொங்கலுக்கு வரும்போது உன் கையையும் அவளிடம் நீட்ட வேண்டியிருக்கும். உனக்கு ஊசியென்றால் மயக்கம் வரும் என்பதைக் கட்டை அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

உன்,
அரைக் கர்ணன்