செராமிக் கிளட்ச் எல்லா வண்டிக்கும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தய ஆர்வலர்களுக்காக மோட்டார் பகுதியில் வந்த குறிப்பு, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாகச் செராமிக் கிளட்ச் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பிளேட்டில் செராமிக் உராய்வுப் பட்டை உள்ளது) போடச் சொல்கிறது. அதை அப்படியே நம்பினால் பணமும் போகும், கியர் பாக்ஸும் போகும்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்குப் போகும் பையன்கள் பெரும்பாலும் காரை லாரியில் ஏற்றிப் போவதில்லை. ஓட்டிக்கொண்டு போய், பந்தயமும் ஓட்டி, அதிலேயே வீடு திரும்புகிறார்கள். செராமிக் பிளேட்டுக்குப் பாதி கிளட்ச் (பெடலைப் பாதி விட்டு மெல்லப் பிடிக்கவைப்பது) தெரியாது. பிடித்தால் ஒரே பிடி. வேலந்தாவளம் சந்தை நெரிசலில் ஊர்ந்தால் வண்டி உதறும். பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இல்லாவிட்டால் அந்த அடி நேராகக் கியர் பல்லில் விழும்.

முதலில் கணக்குப் பாருங்கள். 113 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) உள்ள 1.2 லிட்டர் ஸ்விஃப்டில் எஞ்சினைத் தொடவில்லை என்றால் கம்பெனியின் புது கிளட்ச் செட்டே போதும். 175 தரும் போலோ 1.0 டிஎஸ்ஐயை ரீமேப் செய்து (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி) 230 ஆக்கியிருந்தால், கால் பங்கு கூட்டி 290 அளவு தாங்கும் செட் வாங்கலாம்: கடினமான பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது), ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட் (சாதாரண வண்டிகளில் வரும் வகை). அதற்கு மேல் போனால் பெடல் கனக்கும். கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கெவ்லர் என்ற வலுவான இழையில் செய்த பிளேட் மென்மையாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒருமுறை கருக்கிவிட்டால் பழைய பிடி திரும்பாது. லேசாகச் சூடேறிய ஆர்கானிக், ஆறியதும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

பிளேட்டை விடப் பெரிய தலைவலி, பிளேட் உரசிப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீல். அதில் நீலப் புள்ளிகள் இருந்தால் அங்கே இரும்பு இறுகிவிட்டது என்று பொருள். லேத்தில் பிடித்தால் அந்த இடத்தில் டூல் துள்ளி மேடு விட்டுவிடும். புதுப் பிளேட்டும் உதறும். கிரைண்டிங்தான் சரி. படி உள்ள ஃப்ளைவீலில் பிளேட் உரசும் முகத்தை எவ்வளவு எடுக்கிறீர்களோ, பிரஷர் பிளேட் உட்காரும் முகத்தையும் அவ்வளவே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்து, புது கிளட்சே வழுக்கும். நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்த இரட்டை ஃப்ளைவீல் உள்ள வண்டியில் இந்த வேலையெல்லாம் வேண்டாம். ஆட்டம் கண்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் ஆயில் சீல், பைலட் பேரிங் இருந்தால் அதையும் மாற்றுங்கள். சில நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்தால், கசியும் எண்ணெய் புதுப் பிளேட்டை நாசமாக்கும். ஸ்ப்ளைனில் (பிளேட் உட்காரும் கியர் பாக்ஸ் தண்டின் பல்வரிசையில்) கிரீஸ் பட்டும் படாமலும் போதும். அதிகமானால் தெறித்து ஃபேசிங்கில் (பிளேட்டின் உரசும் பட்டையில்) ஒட்டும். பிளேட்டில் 'ஃப்ளைவீல் பக்கம்' என்று அச்சிட்ட முகம் எது என்று பாருங்கள். திருப்பிப் போட்டால் பிளேட்டின் நடுப்பகுதியான ஹப், ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும், கிளட்ச் விடாது. அலைன்மென்ட் டூலால் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வையுங்கள். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை பிளேட்டில் தொங்கக் கூடாது. ஜாக் தாங்க வேண்டும். தொங்கினால் பிளேட் வளையும். வளைந்த பிளேட்டுக்கு, பெடலை மாற்றி மாற்றி அட்ஜஸ்ட் செய்து என்ன பயன்?

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் டாட் 4 பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றிக் காற்றை எடுங்கள். அது ஈரத்தை இழுக்கும்; நம் பாலக்காட்டு மழைக்குக் கேட்கவே வேண்டாம். ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரையோடு படுத்துவிடும்.

பிறகு 500 கிலோமீட்டராவது பழக்குங்கள். வாளையாறு நாலுவழிச் சாலையில் ஒரே கியரில் ஓடியது கணக்கில் சேராது. ஊருக்குள் நின்று, கிளம்பி, கியர் மாற்றி ஓட்டியதே கணக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை மாட்டி ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. பழகியபின் சோதிக்க, டாப் கியரில் 2000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. அந்த நிலையில் டிராக்கில் இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைத் தொழிலாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்