கிரிட்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு நாக்கே கிடையாது என்றால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில், அட்லாண்டாவில் காலை உணவு என்று கிரிட்ஸ் என்ற வெள்ளைப் பசையை வைத்தார்கள், அதில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, இந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கே கிடையாது போலிருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தாங்களும் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். அட்லாண்டாவுக்குத் தெற்கே மேக்கன் நகரில் பல வருஷங்களாக வசிக்கிறேன். தங்கள் பத்திரிகைக்கு விடாமல் சந்தா கட்டி வருகிறேன். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தைக் கரகரப்பாக உடைத்துக் கிண்டுகிற கஞ்சி. அவர் சாப்பிட்டது எங்கே? விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில், காகிதக் கிண்ணத்தில், வெந்நீர் ஊற்றிக் கலக்கிக்கொள்கிற பாக்கெட் கிரிட்ஸ். அவரே எழுதியிருக்கிறார். அது முன்பே வேகவைத்துக் காயவைத்த சரக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் நிறையப் பேர் அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டார்கள். அதை வாயில் வைத்துவிட்டு ஒரு பிரதேசத்துக்கே நாக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதலாமா?

கல் எந்திரத்தில் அரைத்த கிரிட்ஸை எப்படிச் சமைப்பார்கள் என்று சொல்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. கறுப்பினத்தவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முதல் நாள் ராத்திரியே கிரிட்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார். காலையில் பார்த்தால் மக்காச்சோளத்தின் மேல்தோல் தூள் தூளாக மிதக்கும். டீ வடிகட்டியால் அதை அள்ளிப் போட்டுவிட்டு, அடிகனமான பாத்திரத்தில் ஒன்றுக்கு நாலு என்ற கணக்கில் தண்ணீர் வைத்து, ஆரம்பத்திலேயே உப்புப் போட்டு, மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே கொதிக்கவிடுவார். பிறகு தீயைச் சின்னதாக்கி முக்கால் மணி நேரம், சில ரகங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இறுகினால் கொஞ்சம் வெந்நீர். அடியில் பிடிக்க விடக்கூடாது. கடைசியில் ஒரு கட்டி வெண்ணெய், மேலே மிளகுத்தூள். வாயில் வைத்தால் மக்காச்சோளத்தின் லேசான இனிப்பும் உப்பும் வெண்ணெயும் சேர்ந்து வரும். பருக்கை பருக்கையாக நாக்கில் தட்டும், ஆனால் குழைந்திருக்கும். உப்பைப் பின்னால் தூவினால் சேராது, தானியம் வேகும்போதே ஏற வேண்டும் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார். கிரிட்ஸில் சர்க்கரை போடலாமா கூடாதா என்று இங்கே ஒரே குடும்பத்துக்குள் சண்டை நடக்கும். நான் உப்புக் கட்சி.

அப்புறம், கிரிட்ஸ் தனியாக வருகிற சாப்பாடு இல்லை. கூடவே பிஸ்கட் வரும். நம் ஊர் டீக்கடை பிஸ்கட் அல்ல, மோரும் வெண்ணெயும் சேர்த்து ஓவன் அடுப்பில் சுட்டெடுக்கிற, பிட்டால் ஏடு ஏடாகப் பிரிகிற ரொட்டி. இதற்கென்றே புரதம் குறைந்த குளிர்காலக் கோதுமை மாவைத் தேடி வாங்குகிறார்கள். டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு இங்குள்ள பாட்டிமார் இன்றும் விசுவாசமாக இருக்கிறார்கள். உப்பில் ஊறி மாதக்கணக்கில் தொங்கிய பன்றித் தொடையை வாணலியில் வறுத்து, அடியில் ஒட்டியதைக் கறுப்புக் காப்பி ஊற்றிச் சுரண்டி எடுத்தால் ரெட் ஐ கிரேவி. அதைக் கிரிட்ஸ் நடுவில் குழி பறித்து ஊற்றுவார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கத்தில் மீனவர்கள் காலையில் சின்ன இறாலை வதக்கிக் கிரிட்ஸ் மேல் போட்டுச் சாப்பிட்டார்கள். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பில் நீல் என்ற சமையல்காரர் அதைத் தன் உணவகத்தில் பரிமாற, 1985-இல் நியூயார்க் டைம்ஸில் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளேபோர்ன் அதைப் பற்றி எழுதினார். அப்புறம்தான் அது நாடு முழுக்கப் பெரிய உணவகங்களுக்குப் போனது. நாக்கு இல்லாதவர்கள் செய்கிற வேலையா இது?

தங்கள் பத்திரிகையில் இது முதல் தடவையும் அல்ல. அமெரிக்கச் சமையல் சிறப்பிதழ் என்று ஒன்று போட்டீர்கள். பர்கர், பீட்சா, டோனட், அதோடு முடிந்தது. தெற்கைப் பற்றி ஒரு பத்தி இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன். சிறப்பிதழ் அருமை என்று நான் மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும் பிரசுரித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டீர்கள். அதற்கடுத்து, சமையல் பகுதியில் கிரிட்ஸ் என்று தலைப்புப் போட்டு ரவைக் கஞ்சியின் படத்தை அச்சடித்தீர்கள். கிரிட்ஸ் மக்காச்சோளத்தில் செய்வது என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தெரியாது? எனக்கு நம்ப முடியவில்லை.

நலவாழ்வுப் பகுதியில் எழுதியது இன்னும் மோசம். மக்காச்சோளக் கஞ்சி வெறும் சக்கை, அதைத் தின்றுதான் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோலும் மனமும் கெடுகிற பெலாக்ரா நோய் வந்தது என்று நாலு வரியில் முடித்திருந்தார்கள். அந்தக் கதையின் பாதியை மட்டும் சொல்வது நியாயமில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்துத் தோலை நீக்கிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். அப்படிச் செய்தால் தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடம்பில் சேரும். அப்படித் தோல் நீக்கிய மக்காச்சோளத்துக்கு ஹோமினி என்று பெயர், ஹோமினி கிரிட்ஸ் அந்த வழியில் வந்தது. குத்தகை விவசாயத்திலும் நூற்பாலைகளிலும் சிக்கிய ஏழைகளுக்கு அந்த வேலைப்பாடு இல்லாத, ஆலையில் முளை நீக்கிய மாவும், கொழுப்புக் கறியும், பாகும் தவிர வேறொன்றும் கிடைக்காதபோதுதான் பெலாக்ரா பரவியது. 1914-இல் அரசாங்கம் அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மில்லெட்ஜ்வில் மனநல மருத்துவமனையிலும் மிசிசிப்பி அநாதை இல்லங்களிலும் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்கச் செய்து, இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை. நியாசின்தான் அந்தக் குறை என்று 1937-இல் தெரிந்தது. பழி வறுமையின் மேல் போக வேண்டும். தானியத்தின் மேல் போட்டால் எப்படி?

எங்கள் மேக்கனிலேயே ஆக்மல்கீ மண்மேடுகள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் மஸ்கோகீ என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர். 1830-களில் அந்த மக்களை ஓக்லஹோமா பக்கம் விரட்டிவிட்டார்கள். அவர்கள் சோஃப்கீ என்ற மக்காச்சோளக் கஞ்சியை அங்கேயும் விடவில்லை. ஊரைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அவர்கள் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். 2002-இல் ஜார்ஜியா மாநிலம் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வ சமைத்த உணவாக அறிவித்தது. கட்டுரையாளர் கிண்ணத்தைத் தள்ளுவதற்கு முன் இதில் பாதி தெரிந்திருந்தாலும் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. சார்ல்ஸ்டன் கரையோரம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே மர உரலில் உலக்கையால் நெல் குத்தினார்கள். முழு அரிசி கப்பலேறியது, உடைந்த நொய் உள்ளூரிலேயே நின்றது. அதற்கு இங்கே ரைஸ் கிரிட்ஸ் என்று பெயர், இன்றும் விற்கிறார்கள். எங்கள் ஊரில் நடவுக்குப் போனவர்கள் வீட்டிலும் நொய்க் கஞ்சிதான். அதைப் பசை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினால் தாங்கள் சும்மா இருப்பீர்களா?

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு வேறு காரணமும் உண்டு. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவருக்காகப் பக்கத்து வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து கிரிட்ஸ் கிண்டி, பிஸ்கட் சுட்டு, மூடி போட்டுக் கொண்டுவந்தார். வந்தவர் ஒரு வாய்கூட வைக்காமல், "காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சி மாதிரி இருக்கே" என்று தமிழில் சொல்லிச் சிரித்து, கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு புரிந்தது. கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு, பரவாயில்லை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தங்கள் கட்டுரையில் அதே சிரிப்பு அச்சில் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு இனி இங்கே வருகிற நம்மவர்களும் அப்படித்தான் கிண்ணத்தைத் தள்ளுவார்கள்.

மறு கட்டுரையோ மன்னிப்போ கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போதும். படத்தில் இருந்தது ரவைக் கஞ்சி, கிரிட்ஸ் மக்காச்சோளத்தில் செய்வது, கட்டுரையாளர் சாப்பிட்டது பாக்கெட் சரக்கு, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். இடம் இருந்தால், ஒரு கப் கிரிட்ஸுக்கு நாலு கப் தண்ணீர், சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் என்ற அளவையும் சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து முதல் வரியை வெட்டிவிட்டுக் கடைசிப் பத்தியை வையுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
மேக்கன், ஜார்ஜியா