கறுப்பிக்குக் கம்பி

அன்பு மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே தீபாவளி போய், பொங்கல் போய், சித்திரைத் திருவிழாவுக்கு முகூர்த்தக்கால் நடும் நேரமும் வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். பெரியவன் பன்னிரண்டாவது. அவன் படிக்கிறானோ இல்லையோ, நாங்கள் டிவி போடுவதில்லை. ஒன்மினிட்டுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருத்தனாவது சொன்ன நேரத்துக்கு வந்தானே என்று நம்ம கச்சேரி செட்டே சந்தோஷப்பட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பேஸ் கிதார் கறுப்பியின் ஃப்ரெட்டை, அதான் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகளை, எல்லாம் பிடுங்கிவிட்டேன்.

கத்தாதே, முழுசாகப் படி. கல்யாண வீடுகளில் இப்போது பாதிக்கு மேல் லேப்டாப்பில் டிராக் ஓடுகிறது. பாடுகிறவர்கள் இரண்டு பேர், பேருக்கு ஒரு ரிதம் பேட். பேஸ் வாசிக்க ஆள் கேட்பதே கோயில் கொடையும் சர்ச்சும்தான். கறுப்பி பரண்மேல் தூங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒத்தக்கடையில் கதவு நிலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். சால்டரிங் அயர்னை ஃப்ரெட்மேல் வைத்து, சூடு இறங்கியதும் குறட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். ஈட்டி மரம் காய்ந்து கிடந்ததால் அங்கங்கே சிம்பு பெயர்ந்தது. ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் அதே இடத்தில் படுக்கவைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. வெட்டுகளில் வெள்ளை மரச் சீவலை இறக்கித் தேய்த்தார். இப்போது ஃப்ரெட் இருந்த இடத்தில் கோடு மட்டும் தெரிகிறது. “காசு கொடுத்து இருக்கிறதைப் பிடுங்கச் சொல்ற மொத ஆளு நீதாம்ப்பா” என்றார்.

உருண்டைக் கம்பி சுற்றிய பழைய ரவுண்ட்வவுண்ட் கம்பியையே மாட்டிக் கொஞ்ச நாள் வாசித்தேன். விரலை அதிர்த்து அதிர்த்து வாசிக்கிற இடத்தில் எல்லாம் பலகையில் அரம் போட்ட மாதிரி வரி விழ ஆரம்பித்துவிட்டது. நீ உடனே ஜாக்கோ என்று ஆரம்பிப்பாய், தெரியும். ஃப்ரெட் இல்லாத பேஸில் பேர் போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரோட்டோசவுண்ட் கம்பெனி ரவுண்ட்வவுண்ட்தான் போட்டார், மறுக்கவில்லை. ஆனால் தன் 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பலகைக்குப் படகில் பூசுகிற எபாக்ஸிப் பிசினைப் பல தடவை பூசித்தான் அதைத் தாங்க வைத்தார். வைகையில் தண்ணீரே இல்லை, படகு எபாக்ஸிக்கு நான் எங்கே போவேன்?

அதனால் ஃப்ளாட்வவுண்ட் என்று முடிவாகிவிட்டது. வெளிச்சுற்று உருண்டைக் கம்பியாக இல்லாமல் தட்டையான நாடாவாக இருப்பதால் பலகையை அறுக்காது, விரல் சறுக்கும்போது சர் சர் என்ற சத்தமும் வராது. 1951-ல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் கிதார் வந்தபோது அதில் இருந்ததும் ஃப்ளாட்தான். ரவுண்ட் எல்லாம் அறுபதுகளில் வந்தது. ஆக நான் ஒன்றும் புதுசாகக் கிறுக்குப் பிடித்து அலையவில்லை.

எந்த ஃப்ளாட் என்பதில்தான் தூக்கம் போகிறது. முதல் ஆசை லா பெல்லா கம்பெனிக் கம்பிமேல். அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் போட்டது அதுதான்; கனம் .052 இஞ்சில் தொடங்கி .110 வரை, தடிக் கம்பி, அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். ஆனால் அந்த இழுவைக்குக் கறுப்பியின் கழுத்து தாங்காது. கழுத்தை நேராக்க உள்ளே ஓடுகிற ட்ரஸ் ராட் கம்பியின் நட்டு இறுகிக் கிடக்கிறது உனக்கே தெரியும். நீதானே உசிலம்பட்டிக் கச்சேரியன்று ஸ்பேனரை வைத்துத் திருகினாய். கழுத்து வளைந்து கம்பி பலகையைவிட்டு மேலே ஏறிவிட்டால் ஃப்ரெட்லெஸ் வாசித்தே பிரயோஜனம் இல்லை. கம்பி பலகையை ஒட்டி ஓடி, விரலுக்கு முன்னால் லேசாக உரசினால்தான் அந்த ‘ம்வாஆ’ என்கிற இழுவை வரும்.

டடாரியோ குரோம்ஸ் இன்னொன்று. .045, .065, .080, .100 செட்டு. ஃப்ளாட்டுக்குள் அது பளிச்சென்ற ரகம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. திருவிழா மேடையில் நமக்குக் கிடைக்கிற ஸ்பீக்கரைப் பற்றி யோசி. திறந்த E கம்பியின் அடிச்சுருதி 41 ஹெர்ட்ஸ் சொச்சம். அந்தப் பெட்டிகளில் பாதிக்கு அது வராது. அதற்கு மேலே கூடவே ஒலிக்கிற ஹார்மோனிக்ஸ் சுருதிகளை வைத்துத்தான் கூட்டத்துக்கு பேஸ் கேட்கிறது. ஃப்ளாட்டில் அந்த மேல்பகுதியே குறைவு. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு இல்லாமல் நம்ம பக்கம் கச்சேரி உண்டா? அவருக்கு பேஸ் வாசித்த சசிதரனின் வரிகளை மந்தமான கம்பியில் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் பக்கத்து சுரத்தின் மேல் படுத்துவிடும். ஆனால் அதற்குத்தான் ஃப்ரெட் வைத்த பேஸ் ஒன்று செட்டில் இருக்கிறதே. ஒரே வாத்தியத்தில் எல்லாம் வேண்டும் என்று நிற்பது உன் குணம், என்னுடையது அல்ல.

எனக்கு வேண்டியது வேறு. அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து G கம்பியில் சஹானா ராகத்தை இழுத்துப் பார்த்தேன். அக்கா வீணைப் பாடத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, “இது பேஸாடா, கோட்டுவாத்தியமாடா?” என்றாள். அப்புறம் காந்தாரம் சுருதி கீழே நிற்கிறது என்று அரைமணி நேரம் பாடம். ஃப்ரெட் இருந்த கோட்டுக்குப் பின்னால் விரல் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, கோட்டின்மேலேயே வைக்க வேண்டும். நம்ம ஊர்க் காது ஏமாறாது மாப்ளே.

அதனால்தான் தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் என்று வந்து நிற்கிறேன். வியன்னாக் கம்பெனி. நிக்கல் சுற்று, .043, .056, .070, .100. மற்ற ஃப்ளாட்டைவிட இழுவை குறைவு, கையில் நெகிழ்வாக இருக்கும், குரலும் நடுவில் எழும்பிப் பாடும். இந்தக் கழுத்துக்கு இதுதான் சரி. விலை மற்ற இரண்டையும்விட அதிகம். ஆனால் நம்ம வெயிலில் வேர்வை பட்டே ரவுண்ட் கம்பி செத்துவிடுகிறது. ஃப்ளாட் வருஷக்கணக்கில் நிற்கும், பழசாக ஆக நன்றாகவே இருக்கும்.

இன்னொன்று. எனக்குச் சுகர் வந்துவிட்டது. இடது கை விரல் நுனியில் உணர்ச்சி கொஞ்சம் குறைகிறது, ரவுண்ட் கம்பியில் வெடித்தால் ஆற நாளாகிறது. வீட்டில் வாசிப்பையே விடச் சொல்கிறார்கள். டாக்டர் விடச் சொல்லவில்லை, புண்ணாக்கிக்கொள்ளாதே என்றுதான் சொன்னார். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் இதை எப்படி எழுதுவது என்றுதான் தள்ளிப்போனது. உடனே போன் போட்டு அழுது வைக்காதே. சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறேன், ஜிகர்தண்டாவை எட்ட நின்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அழகர் ஆற்றில் இறங்குகிறதற்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். சிங்கப்பூரில் அந்தத் தோமாஸ்டிக் செட்டு கிடைக்கும், வரும்போது ஒன்று வாங்கி வா. இங்கே டவுன்ஹால் ரோட்டில் பெயரைச் சொன்னாலே முழிக்கிறார்கள். மாடல் ஜேஎஃப் 344, நாலு கம்பி, 34 இஞ்சு ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம். 32 இஞ்சிலும் ஒரு செட்டு உண்டு, தள்ளுபடி என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. பணத்தை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், வேண்டாம் என்று நாடகம் போடாதே. மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பிளையரோடு உதவிக்கு வர வேண்டாம். கம்பியை முதலில் மடக்காமல் வெட்டினால் சுற்று பிரிந்துவிடும், நீ மடக்காமல்தான் வெட்டுவாய்.

சுவரில் மாட்டிவைத்திருக்கிற உன் கிதாரையும் தூசி தட்டி எடுத்து வா. ஒன்மினிட்டிடம் மட்டும் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே, கறுப்பியை விற்கச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

உன்,
பங்காளி