கறுக்கும்வரை வறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் சமையல் பகுதியில் வறுத்த பார்லித் தண்ணீர் பற்றி எழுதியிருந்தீர்கள். காப்பிக்கடையில் பார்லி கேட்டால் வெள்ளை வெளேரென்று சர்க்கரை போட்டதுதான் வரும். வறுத்துப் போட்டதன் மணமே வேறு. ஜப்பானியர் முகிச்சா என்றும் கொரியர் போரிச்சா என்றும் குடிப்பது அதைத்தான். எல்லாம் சரி, "பெரிய தீயில் கறுக்கும்வரை வறுத்து உடனே கொதிக்க விடவும்" என்ற ஒரு வரிதான் இடிக்கிறது. அதே தவறைச் செய்து பட்டவள் நான்.

என் மகன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். (பதினெட்டு வயது நிறைந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு மாதம் வீட்டுக்கு 30 லிட்டர் வரை செய்யலாம், விற்கக்கூடாது, வடித்து இறக்கக்கூடாது என்பது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை விதி. லிட்டர் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்!) ஒருநாள் பியருக்கான மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஒரு கிலோ கொண்டுவந்து, "அம்மா, ரவை வறுக்கிற மாதிரிதான், கொஞ்சம் கறுப்பா வறுத்துக் கொடுங்க" என்றான். இரும்புச் சட்டியில் மொத்தத்தையும் கொட்டிப் பெரிய தீ வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் தோல் கருகிவிட்டது. கடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பச்சை மாவு. கூடத்துப் புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது. 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்கெல்லாம் அது கட்டாயமாயிற்றே, எங்களுடையதும் புது வீடு. எதிர்வீட்டு மலாய் அம்மா, என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டினார். அன்று காய்ச்சிய பியர் சாம்பல் கரைத்த தண்ணீர்தான்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. மால்ட் என்பது வேறொன்றுமில்லை, கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுக்கிறோமே, அந்த வேலைதான். முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. கறுக்க வறுத்தால் அவை செத்துப்போகும். சர்க்கரை இல்லாவிட்டால் பியர் புளிக்காது. அதனால் கறுத்த தானியத்தை மட்டும் வைத்துப் பியர் செய்ய முடியாது. குழம்புக்குப் பெருங்காயம் மாதிரி, ஐந்து கிலோ வெளிர் மால்ட்டுக்குக் கால் கிலோ போதும். கின்னஸ் என்ற கறுப்புப் பியருக்கு அந்த நிறத்தைத் தருவது 232 டிகிரி செல்சியஸில் வறுத்த, முளைகட்டாத பார்லி. கருகாமல் மால்ட்டைக் கறுப்பாக்கச் சுழலும் உருளைக்கு 1817இலேயே டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிவிட்டார். என் பாட்டி வீட்டிலும் கரி அடுப்பின் மேல் கைப்பிடியால் சுற்றிக் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை இருந்தது. சுற்றுவதை நிறுத்தினால் திட்டு விழும்.

இப்போது மால்ட்டை ஓவனில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி வறுக்கிறோம். 175 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் கடலை வறுத்த வாசனை. ஒரு மணி நேரம் விட்டால் நல்ல செம்பழுப்பு. 230 டிகிரியில் அரை மணி நேரம் என்றால் கரும்பழுப்பு. அதற்குச் சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். வறுத்ததை உடனே போட்டால் கரகரவென்று ஒரு கசப்பு. காகிதப் பையில் இரண்டு வாரம் கிடந்தால் அந்தக் காட்டம் போய்விடுகிறது.

பார்லித் தண்ணீருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். தேக்கா கடைகளில் கிடைக்கும் தோல் நீக்கிய பார்லியே போதும். இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல், சிறு தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். முதலில் ஈர மாவு வாசனை வரும், பிறகு ரொட்டி வாட்டிய வாசனை. அது காப்பி வாசனைக்குத் திரும்பும் நேரத்தில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். உள்ளேயும் பழுப்பேறியிருந்தால் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

அடுத்த வாரம் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். "பெரிய தீ" என்பதையாவது எடுத்துவிடுங்கள். எங்கள் புளோக்கில் இன்னும் நாலு வீட்டுக்கு உங்கள் பத்திரிகை வருகிறது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி