கிராங்க்பைட் வாங்கிப் போனவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கிருஷ்ணகிரி தூண்டில் கடையில் கிராங்க்பைட் லூர் (சின்ன மீன்போல ஓடும் பொய் இரை) வாங்கிப் போனவர்களில் சிலர் ஒரே குறையோடு திரும்பி வந்தீர்கள்: "அண்ணே, நாள் பூரா வீசியும் ஒரு கடிகூட இல்லை." இன்னும் சிலர் செல்போனில் வீடியோவைக் காட்டி, இந்த பேஸ் மீன் கே.ஆர்.பி. அணையில் (நம் கிருஷ்ணகிரி அணை) எந்தப் பக்கம் கிடைக்கும் என்று கேட்டீர்கள். விற்கும்போதே இதையெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தவறுதான்.

பேஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் அணையிலும் கிடையாது, பாரூர் ஏரியிலும் கிடையாது. கட்டை மறைவிலோ கல் ஓரத்திலோ பதுங்கியிருந்து, கடந்து போகும் சின்ன மீனைப் பாய்ந்து கவ்வுவது அதன் குணம். அந்தக் குணத்துக்கென்றே செய்த பொய் இரைதான் கிராங்க்பைட். நம் விராலும் வாளையும் அப்படிப் பதுங்கிப் பாய்கிறவைதான். அதனால் வாங்கின காசு வீண் என்று நினைக்க வேண்டாம்.

லூரின் மூக்குக்குக் கீழே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறதே, எல்லா வேலையும் அதில்தான் இருக்கிறது. ரீலைச் சுற்றச் சுற்ற, தண்ணீர் அந்தத் தகட்டை அழுத்தி லூரைக் கீழே இறக்கும். உடம்பு இரண்டு பக்கமும் துடிக்கும். தகடு குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலோட்டமாகவே ஓடும். நீளமாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஆழத்துக்குப் போகும். பெரும்பாலான கிராங்க்பைட் மிதக்கும் வகை. சுற்றுவதை நிறுத்தினால் மெல்ல மேலே எழும்பும்.

உங்களில் பலர் தவறவிட்டது இதைத்தான். ஒரே வேகத்தில் கரை வரைக்கும் சுற்றிக்கொண்டே வந்துவிடுகிறீர்கள். லூர் போய்க் கல்லிலோ கட்டையிலோ இடிக்க வேண்டும். தலைகுனிந்தே ஓடுவதால் தகடுதான் முதலில் இடிபடும், பின்னால் இருக்கும் முள் அவ்வளவு எளிதில் மாட்டாது. இடித்தது கைக்குத் தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் போதும். அடிபட்ட குஞ்சு தள்ளாடுவதுபோல லூர் எழும்பும். கடி பெரும்பாலும் அந்த நொடியில்தான் வரும்.

அடுத்தது தங்கூஸ், அதாவது தூண்டில் நரம்பு. தடித்த தங்கூஸ் தண்ணீரில் இழுபட்டு லூரை இறங்க விடாது. 0.28 மி.மீ. அளவு போதும். கனமான சுழலியை மாட்டாதீர்கள், துடிப்பு செத்துவிடும். லூரைத் தங்கூஸோடு இணைக்கச் சின்ன மாட்டுக்கொக்கி (ஸ்னாப்) ஒன்று போதும். லூர் வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடினால், தங்கூஸ் கட்டும் கம்பி வளையத்தைக் குறட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை வளையுங்கள். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். ஒரே தடவையில் அதிகம் வளைத்தால் வளையம் ஆடிப்போய்விடும்.

கரையில் நின்று நேரே நடு ஏரியைப் பார்த்து வீசினால், லூர் ஆழத்தில் ஓடும் நேரம் கொஞ்சம்தான். கரைக் கற்கட்டை ஒட்டி நீளவாக்கில் வீசுங்கள். கல் ஓரத்திலேயே கடைசி வரை ஓடி வரும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒரு நடை போய், கருவேலங்கட்டைகளும் பாறைகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினபிறகு அந்த இடங்கள்தான் உங்களுக்குச் சோறு போடும். ஆகாயத்தாமரை மண்டிய ஏரிக்கு மட்டும் கிராங்க்பைட் ஆகாது, அங்கே தவளை லூர்தான். எங்கே போனாலும் மீன்வளத் துறையிடமோ குத்தகைக்காரரிடமோ அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒகேனக்கல் பக்கம் காவிரிக்கு இதை எடுத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கே இருக்கும் திமில் மஹ்சீர் என்ற மீனை, அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனம் என்று 2018-இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பேஸ் குஞ்சு வரவழைத்துத் தர முடியுமா, கிணற்றிலோ குட்டையிலோ விட்டு வளர்க்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் செய்ய மாட்டோம். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்ட மீன் அது. பிறகு நாடு முழுக்கப் பரவி அந்த ஊர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-இல் அதை வளர்க்கவும் கொண்டுபோகவும் விடவும் தடை போட வேண்டியதாயிற்று. மழைக்குக் குட்டை நிரம்பி வழிந்தால் மீன் ஓடையேறித் தென்பெண்ணைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? நம் கெண்டைக்கும் குறவைக்கும் அந்த நிலை வர நாங்கள் காரணமாக மாட்டோம்.

லூரில் வரும் மூன்று முனை முள், பிடித்ததை விட்டுவிட நினைக்கும்போது மீன் வாயைக் கிழிக்கிறது. சில நேரம் நம் விரலையும். நம் கடையில் வாங்கின கிராங்க்பைட் எதுவானாலும் கொண்டுவாருங்கள். ஒற்றை முள்ளாக மாற்றி, முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்முள்ளையும் நசுக்கித் தருகிறோம். முள்ளுக்கு மட்டும் காசு, கூலி வேண்டாம். ஞாயிறு காலையில் வந்தால் நின்று பேச நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தூண்டில் கடையினர்,
கிருஷ்ணகிரி