அந்த 37 பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சோதனைக்கூடத்தில்தான் வேலை கூடிவிட்டது. இந்த மாதம் முழுக்க இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு அவர்கள் மூச்சை அளந்துகொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, உன் மகனைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

கல்லூரியில் படி ஏறும் சோதனை வைத்து, அவன் உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடியது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 37 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து பையன் வாடிப்போயிருக்கிறான் என்கிறாய். அவனிடம் முதலில் இதைச் சொல்: அவன் மூச்சை யாரும் அளக்கவில்லை. 41.3 சென்டிமீட்டர் உயரப் படியில், நிமிடத்துக்கு 24 முறை வீதம் மூன்று நிமிடம் ஏறி இறங்க வைத்து, நிறுத்திய ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை நாடியை எண்ணியிருக்கிறார்கள். அதை நான்கால் பெருக்கி, 0.42ஆல் பெருக்கி, 111.33இலிருந்து கழித்தால் வருவதுதான் அந்த எண். 37 வரவேண்டுமானால் நாடி 176 இருந்திருக்க வேண்டும். அதுவே 160 ஆக இருந்திருந்தால் 44 என்று எழுதியிருப்பார்கள்.

முந்தைய இரவு தூக்கமில்லை, காலையில் இரண்டு முறை காபி குடித்தான், வரிசையில் நிற்கும்போதே படபடப்பு என்று நீயே எழுதியிருக்கிறாய். பதினாறு துடிப்பு கூடுவதற்கு இதில் எது போதாது? துடிப்பு பயத்தால் கூடியதா, உழைப்பால் கூடியதா என்று அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

உண்மையில் அளப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நேற்று ஒரு மாணவி வந்தாள். முகமூடி பொருத்தி, இதயத் துடிப்பைப் பதிய மார்பில் மின்வாய்களை ஒட்டி நிறுத்தினோம். புரூஸ் முறை என்ற டிரெட்மில் சோதனை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்தில் சிரித்தாள். மூன்றாவதில் தலையசைப்பு மட்டும். நான்காவதில் கழுத்துத் தசைகள் மேலெழுந்தன, முகமூடியின் ஓரத்தில் வியர்வை சொட்டியது. திரையில் ஆக்சிஜன் கோடு ஏறிக்கொண்டே வந்து, சுமை கூடிய பிறகும் ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. அந்த மட்டத்தைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். 1923இல் உடலியல் ஆய்வாளர்கள் ஏ.வி. ஹில்லும் லப்டனும் உச்ச ஆக்சிஜன் நுகர்வு என்று எழுதியது இதைத்தான். நுரையீரல், இதயம், ரத்தம், தசை நான்கும் சேர்ந்து கொடுக்கக்கூடியது அவ்வளவே. எல்லோருக்கும் அந்தக் கோடு அப்படித் தட்டையாவதில்லை. அப்போது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, உள்வாங்கும் ஆக்சிஜனைப்போல் 1.1 மடங்கைத் தாண்டியதா என்று பார்ப்போம்; உடல் உச்சத்தை நெருங்கிவிட்டதற்கு அது ஓர் அடையாளம். உச்ச நாடித்துடிப்பு இவ்வளவு என்று 220இலிருந்து வயதைக் கழித்துச் சொல்லும் கணக்கை மட்டும் நம்பிச் சோதனையை நிறுத்தமாட்டேன். அது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதாகத் தவறும்.

நாம் படிக்கும்போது மைதானத்தில் கூப்பரின் பன்னிரண்டு நிமிட ஓட்டம் ஓடினோமே, அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்று பார்த்து உடல்திறனைக் கணிக்கும் சோதனை, நினைவிருக்கிறதா? நான் முதல் இரண்டு சுற்றைப் பாய்ந்து ஓடி, பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீ ஒரே சீராக ஓடி என்னைக் கடந்துபோனாய். அடுத்த வாரம் உன் வேகத்திலேயே பக்கத்தில் ஓடினேன், இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக வந்தது. ஒரு வாரத்தில் என் இதயம் வளர்ந்துவிடவில்லையே.

37 உண்மையாகவே இருந்தாலும் அது நிலையானதல்ல. 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் இருபது வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உச்ச ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. பிறகு சுமார் எட்டு வாரப் பயிற்சியில் மீண்டும் ஏறியது. அதுவரை உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களுக்கு முன்பிருந்ததைவிடவும் மேலே போனது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் அளந்தபோது, முப்பது ஆண்டு வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. பரீட்சைக்காக உன் மகன் இரண்டு மாதம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றாயே, அதைப் படித்தபோது எனக்கு இந்த ஐவரின் ஞாபகம்தான் வந்தது.

ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ எப்போதாவது வந்ததுண்டா என்று அவனிடம் கேள். வந்திருந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போ. இல்லையென்றால், நன்றாகத் தூங்கிய மறுநாள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆனபின், காபி இல்லாமல், அதே படியில் மறுபடி ஏறச் சொல். நாடியை அவனே எண்ண வேண்டாம், நீ எண்ணு. தாமதமாக எண்ணினால் துடிப்பு அதற்குள் இறங்கிவிடும், ஆக்சிஜன் எண் பொய்யாக உயர்ந்துவிடும், கடிகாரத்தில் கண் வை. அந்தத் துடிப்பையும் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதையும் எனக்கு எழுது. விடுமுறையில் அவனை இங்கே அனுப்பினால் முகமூடி போட்டு நானே அளந்து தருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். கண்ணில் சொட்டு மருந்து விட மறக்காதே.

உன் அன்பு நண்பன்